செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் அண்ணாச்சிமார்களே, அக்கா தங்கச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. சந்தா பாக்கி கொஞ்சம் நிற்கிறது, விவரம் பொருளாளர் அறிக்கையில் வரும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லாதிருந்த உறுப்பினர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தோம். மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் முழுக்க ஒரே வேலைக்குத்தான் போனது: ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது ரேடியோ அலையால் படிக்கப்படும், சிறு சிப் வைத்த ஸ்டிக்கர். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே இருக்கும்.

"நாம் விற்பது கயிறு மிதியடியும் ஓலைக்கூடையும் பூவேலைத் துணியும், இதில் சிப் எதற்கு?" என்று பல உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2003-இல் அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட், தன் பெரிய சப்ளையர்கள் 100 பேர் 2005 ஜனவரி முதல் பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கும் பேலட் பலகைகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. அது நம் பக்கம் வரவே இல்லை. பிறகு டேக் பெட்டியிலிருந்து இறங்கி, துணிமணியில் ஒவ்வொரு பீசுக்கும் வந்தது. வால்மார்ட் வைத்த 2022 செப்டம்பர் கெடுவோடு வீட்டுப் பொருட்கள், பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள், மின்னணுப் பொருட்கள் என்று விரிந்தது. வாசல் மிதியடியும் கூடையும் வீட்டுப் பொருள்தானே. நம்மில் யாரும் அந்தக் கடைக்கு நேரே அனுப்புவதில்லை. ஆனால் தூத்துக்குடி துறைமுகம் வழியாக நம் சரக்கை அனுப்பும் ஏற்றுமதியாளர், தன்னிடம் கேட்டதை நம்மிடம் கேட்கிறார். இப்போது வேறு பையர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் என்னும் படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பார்கோடு என்றால் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதற்கு மூடிய அட்டைப்பெட்டியை ரீடர் முன் வைத்தாலே போதும், உள்ளே இருக்கும் அத்தனையும் எண்ணிவிடலாம். கடைக்காரருக்கு இருப்புக் கணக்கு சரியாக வருகிறது. அவர் இதை விடவே மாட்டார். அதனால் "இந்த மோகம் போய்விடும், பொறுத்துப் பார்ப்போம்" என்று நினைப்பவர்களுக்கு என் பணிவான பதில்: பொறுக்க வேண்டாம்.

டேக் ஒட்டுவது கடினம் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த யாரும் ஒட்டலாம். நம்மைச் சிக்கவைப்பது எண்.

டேக்குக்குள் எழுதப்படும் எண்ணுக்கு எஸ்.ஜி.டி.ஐ.என்.-96 என்று பெயர், மொத்தம் 96 பிட். அதில் பொருளின் ஜி.டி.ஐ.என். எண் ஒரு பகுதி, அதாவது பார்கோட்டில் இருக்கும் அதே எண். கடைசி 38 பிட் சீரியல் நம்பர். ஒரே அளவு, ஒரே டிசைன் மிதியடி ஆயிரம் செய்தால் ஆயிரத்துக்கும் பார்கோடு ஒன்றுதான், ஆனால் சீரியல் ஆயிரமும் வேறு வேறாக இருக்க வேண்டும். 38 பிட்டில் 27,000 கோடிக்கு மேல் எண்கள் அடங்கும். எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, எழுதி வைக்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

இந்த ஆண்டு நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அவசர ஆர்டர். டேக் அச்சடிக்கும் வேலையை இரண்டு அச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு பேருமே சீரியலை 1-இலிருந்து தொடங்கிவிட்டார்கள். ஒரே எண்ணில் இரண்டு மிதியடி இருந்தால் ரீடருக்கு அது ஒரு மிதியடிதான். சரக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தும் அங்கே குறைவு என்று பதிவானது, நமக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்தம் என்று டெபிட் நோட் வந்தது. நெய்தவர்கள், விளிம்பு வெட்டியவர்கள், பேக்கிங் செய்தவர்கள் யார் வேலையிலும் குற்றம் இல்லை. அத்தனை பேர் உழைப்பின் லாபம் எண் குழப்பத்தில் போனது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இனி நம்மில் ஒருவருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் சங்க அலுவலகத்தில் சீரியல் பதிவேடு தொடங்கினோம். எந்தப் பொருளுக்கு, எந்த அச்சகத்துக்கு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அதில் எழுதப்படும். சிப்பிலேயே அதைத் தயாரித்தவர் பதித்திருக்கும் எண்ணிலிருந்து சீரியலை எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. பையர் ஒப்புக்கொண்டால் அதுவும் நல்லதே. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

பையரின் பிராண்டில் போகும் சரக்குக்குப் பெரும்பாலும் ஜி.டி.ஐ.என். அவரே கொடுப்பார். சொந்தப் பெயரில் விற்பவர்கள் பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜி.எஸ்.1 இந்தியாவில் பதிந்து, தங்கள் நிறுவனத்துக்கான முன்னெண் வாங்க வேண்டும். யாரோ மலிவாக விற்கும் பார்கோடு எண்ணை வாங்கிப் போட வேண்டாம். அந்த முன்னெண் எத்தனை இலக்கம் என்பதை அச்சகத்துக்கு வாய்ப்பேச்சில் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். டேக்கில் எண்ணைப் பிரித்து எழுதும் இடம் அதைப் பொறுத்தது.

அடுத்தது ஈரம். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடியிலும் தென்னந்தும்பு காயாது, ஐப்பசி கார்த்திகையிலும் காயாது. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். ஈரம் வாங்கிய மிதியடிக் கட்டின் நடுவில் இருக்கும் டேக் வாய் திறக்காது. அடியில் கரி கலந்த கறுப்பு ரப்பர் ஒட்டிய மிதியடி இன்னும் மோசம். ரப்பரோடு ஒட்டி டேக்கை வைத்தால் படிக்கும் தூரம் நன்றாகக் குறைகிறது, மேலே தொங்கும் அட்டையில் வைத்தால் பரவாயில்லை. அடுக்கும்போது டேக் மேல் டேக் நேராகப் படிந்தாலும் சில டேக்குகள் விட்டுப்போகும். மிதியடியை முன்பின்னாகத் திருப்பி அடுக்கினால் சரியாகிவிடுகிறது. பெட்டி கட்டும் பெண்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முளகுமூடு பக்கத்துப் பூவேலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உலர்ந்த துணியில் டேக் அருமையாகப் படிக்கிறது. ஜரிகை மட்டும் டேக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த டேக்கை வாங்குவது என்பதிலும் நம் இஷ்டம் செல்லாது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வகம் டேக் வகைகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறது. நம் பையர் கேட்பது அந்தப் பட்டியலில் உள்ள வகையை. விலை குறைவு என்று வேறு டேக் வாங்கி, இங்கே நன்றாகப் படிக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. இந்தியாவில் ரீடர் ஓடும் அலைவரிசை 865–868 மெகாஹெர்ட்ஸ், அங்கே 902–928. இங்கே படிப்பது அங்கேயும் அதே அளவுக்குப் படிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இங்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதற்காகச் சங்கப் பணத்தில் கையடக்க ரீடர் வாங்கினோம். பெட்டியை டேப் போடும் முன் படித்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கை பேக்கிங் லிஸ்ட்டோடு ஒத்துப்போக வேண்டும், ஒரு எண்கூட இரண்டு பெட்டியில் வரக் கூடாது. அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். பின்னால் குறைவு என்று யாராவது சொன்னால் நம் கையில் இருக்கும் சான்று அதுதான்.

செலவு பற்றி. டேக் ஒன்று சில ரூபாய்தான், ஆனால் மிதியடியில் நமக்கு நிற்கும் லாபமும் சில ரூபாய்தான். டேக், அச்சு, ஒட்டும் கூலி, சோதனை எல்லாவற்றையும் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள். விலை பேசி முடித்த பிறகு கேட்டால் எந்தப் பையரும் தர மாட்டார். ஒருவர் காட்டி இன்னொருவர் காட்டாமல் விட்டால் ஆர்டர் அந்த இன்னொருவரிடம் போகும், அப்புறம் யாராலும் இந்தக் கூலியைக் கேட்டு வாங்க முடியாது. எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் இது நடக்கும். என்னை விடாப்பிடிக்காரன் என்று நினைத்தாலும் சரி, வரும் ஆண்டும் இதையே கேட்பேன்.

செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, டேக் எண்ணை எழுதி அச்சடிக்கும் பிரின்டர் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கி, உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் அச்சடித்துத் தருவது. இரண்டு, கொட்டேஷனில் டேக் செலவைத் தனி வரியாகக் காட்ட எல்லா உறுப்பினர்களும் ஒப்புக்கொள்வது. விவாதித்து முடிவு செய்ய வேண்டுகிறேன்.

ரீடர் வேண்டுபவர்கள் முந்தின நாளே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். சீரியல் எண் வரம்பை டேக் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி.

செயலாளர்