ஸ்டீவன்ஸ் கல்லறை மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கற கல்லுகளுக்கும் சேர்த்துதான் கேக்கறோம்

எல்லாருக்கும் வணக்கம். பழைய கல்லறைக் கல்லுங்களைச் சுத்தம் பண்ணி சரி பண்ண உங்க உதவி கேட்டுதான் இதை எழுதறோம். பென்சில்வேனியா லான்காஸ்டர்ல மல்பெரி தெருவும் செஸ்ட்நட் தெருவும் சேர்ற முக்குல ஷ்ரைனர்-கான்கார்ட்னு சின்னதா ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, அங்கதான் தாடியஸ் ஸ்டீவன்ஸைப் புதைச்சிருக்காங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல காங்கிரஸ்ல, அதாவது அந்த நாட்டுப் பார்லிமென்ட்ல, கஜானா சாவி கையில இருந்த ஆளு, அரசியல் சட்டத்துல அடிமை முறையை ஒழிச்ச 13வது திருத்தம், அப்புறம் சட்டத்து முன்னாடி எல்லாரும் சமம்னு சொன்ன 14வது திருத்தம், ரெண்டுக்கும் முன்னாடி நின்னு மல்லுக்கட்டினவர்.

இவ்ளோ பெரிய மனுஷன் இங்க எதுக்கு வந்தார்னா, ஊர்ல இருந்த மத்த கல்லறைத் தோட்டங்கள்ல கறுப்பினத்தவங்களுக்கு இடம் கிடையாதுன்னு விதி, அது தெரிஞ்சதும் அதெல்லாம் வேணாம்னுட்டு எல்லாரையும் சேர்த்துக்கற இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சார். காரணத்தையும் கல்லுலயே வெட்ட வெச்சுட்டார்: தனிமை பிடிச்சு இங்க வரல, படைச்சவன் முன்னாடி மனுஷங்க எல்லாரும் சமம்னு ஆயுசு பூரா பேசினதை சாவுலயும் காட்டத்தான் வந்தேன்னு. 1868 ஆகஸ்ட் 11ல செத்தார், இன்னும் வாதாடிட்டுதான் இருக்கார்!

அதே ஊர்ல உட்வர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்துல 15வது ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் இருக்கார், அவரும் அதே வருஷம் ஜூன்ல போனவர்தான். ஜனாதிபதின்னா எப்படியும் நாலு பேர் கவனிப்பாங்க. எங்க கவலை ஸ்டீவன்ஸைச் சுத்தி இருக்கற சாதாரண சனங்களோட கல்லுங்கதான், அந்த அக்கம்பக்கத்துக்காகத்தானே அவர் இங்க வந்ததே, அதுங்க சாஞ்சு விழுந்தா அவர் கல்லு மட்டும் பளபளன்னு நின்னு என்ன பிரயோஜனம்?

பழைய மார்பிள் ரொம்ப மென்மை, மழைத்தண்ணியில இருக்கற அமிலமே எழுத்தைக் கரைச்சுடும், விரல் வெச்சுத் தடவினா மாவு மாதிரி உதிரும். ப்ளீச், வயர் பிரஷ் பக்கமே போகக்கூடாது. நல்லா தண்ணி ஊத்தி நனைச்சு, மெத்துனு இருக்கற பிரஷ்ஷால கீழேருந்து மேல தேய்க்கணும், பாசியை மரக்குச்சியால மெதுவா சுரண்டணும். இதை நாமளே பண்ணிடலாம். சாஞ்ச கல்லைத் தூக்கி நிறுத்தறதுக்கும் உடைஞ்சதை ஒட்டறதுக்கும்தான் தெரிஞ்ச ஆளை வெக்கணும், காசு போறது அங்கதான்.

10 டாலரோ 20 டாலரோ முடிஞ்சதைக் குடுங்க. எங்க கமிட்டி ஆளுங்க யார்கிட்டயும் குடுக்கலாம், ரசீது கேட்டு வாங்கிக்கோங்க, வரவு செலவு கணக்கை யார் கேட்டாலும் காட்டுவோம். காசு குடுக்க முடியலையா, ஒரு பக்கெட்டும் பிரஷ்ஷும் எடுத்துட்டு வாங்க. ப்ளீச் மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுங்க, ப்ளீஸ்.