குரங்கு விரட்டியைக் குரங்கு கடித்தால் வாரண்டி கிடையாதாம்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சோலார் குரங்கு விரட்டிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு

ஐயா,

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் எங்கள் வீடு. பின்னால் இரண்டு பலா, ஒரு கொய்யா, கொஞ்சம் காபிச் செடி. போன ஏப்ரலில் உங்களிடம் 4,850 ரூபாய் கட்டி, லைட்டை மின்னவிட்டு மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பும் சோலார் குரங்கு விரட்டி வாங்கினேன். 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. குரங்கு, பன்றி, நாய் எதுவும் நெருங்காது' என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். அதில் 'நாய்' என்றிருந்ததைக் கவனிக்காதது என் தப்பு.

முதல் நான்கு நாள் குரங்குகள் வேலியோரமே நின்று பார்த்தன. பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி ஒரு பெண் குரங்கு வந்தது. கருவியைக் குச்சியோடு பிடுங்கியது. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, சோலார் தகட்டின் மூலையைக் கடித்தது. லைட் அதன் மூஞ்சியிலேயே மின்னிக்கொண்டிருந்தது. ருசி பிடிக்கவில்லை போல. கீழே போட்டுவிட்டுப் பலாவில் ஏறிவிட்டது.

20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குகளுக்குப் பழமும் சிப்ஸும் நீட்டுகிறார்கள். ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் அசையாத கூட்டம் அது. உங்கள் ஒலி எம்மாத்திரம்?

அதற்குப் பயந்தது எங்கள் மணி மட்டும்தான். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நாய்க்கு 40-க்கு மேலும் கேட்கும். இத்தனை வருடம் குரைத்தே கூரை ஓடுகளைக் காப்பாற்றிய நாய், கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காவலுக்கு இருந்த ஒன்றையும் விரட்டத்தான் 4,850 கொடுத்திருக்கிறேன்.

சரி, மழைக்காலத்திலாவது பன்றிக்கு உதவும் என்று எடுத்து வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூட்டம் இறங்கினால் வெயிலைப் பார்க்க நாலைந்து நாள் ஆகும். சார்ஜ் ஏறவில்லை. ஒரே ராத்திரியில் சேப்பங்கிழங்குப் பாத்தி முழுவதும் உழுது போட்டாயிற்று. போன் செய்தால், "நல்ல வெயில்ல வைங்க சார்" என்றார் உங்கள் ஊழியர். அவர் மேல் கோபமில்லை, கொடுத்த தாளைப் படிக்கிறார்.

வாரண்டி ஒரு வருடம் இருக்கிறதே என்று படம் எடுத்து அனுப்பினேன். 'விலங்குகள் கடித்த சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது' என்று பதில் வந்தது. குரங்கை விரட்ட விற்ற பொருளுக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டவர் யாரோ, அவரைப் பார்க்க ஆசை.

கருவியை அணைத்து அலமாரியில் வைத்த பிறகுதான் மணி வாசலுக்கு வந்தது. மிச்சமிருந்த பலாவைப் பழுக்கவிடாமல் காயாகவே இறக்கினேன், சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன், குப்பை வாளியை உள்ளே எடுத்தேன். தொல்லை பாதியாகக் குறைந்திருக்கிறது. இதில் உங்கள் பங்கு எதுவுமில்லை.

எனவே முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

பில்லும் பல் பதிந்த தகடும் பத்திரமாக இருக்கின்றன. கருவியை எடுத்துப் போக ஆள் அனுப்பினால் காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள். அப்புறம் கூட்டம் வந்துவிடும். கையில் பையோடு வருகிறவர்களை அவை சும்மா விடுவதில்லை.

இப்படிக்கு,
ஏற்காடு வாடிக்கையாளர்