படகு தள்ளியவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பிரிட்டனை எதிர்த்து நடந்த அமெரிக்க விடுதலைப் போரில், படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் ஓவியத்தை அனுப்பி, அவர் நிற்கும் கம்பீரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். என் கண் படகு தள்ளுகிறவர்கள் மேலேயே நின்றுவிட்டது. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாசசூசெட்ஸ் கடற்கரையில் மார்பிள்ஹெட் என்று ஒரு மீன்பிடி ஊர். காட் மீனை நம்பியே பிழைப்பு. 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து என்ற அமெரிக்கப் பகுதிக்காரர்கள் வட அட்லாண்டிக்கில் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதே ஆண்டு அந்த ஊர்க் கடலோடிகள் ஜான் குளோவர் தலைமையில் போருக்குக் கிளம்பினார்கள். வெள்ளையர்களோடு கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் அந்தப் படைப்பிரிவில் இருந்தார்கள்.

1776 ஆகஸ்ட் 29. நியூயார்க் பக்கம் புரூக்ளினில் தோற்ற அமெரிக்கப் படைக்கு முன்னால் எதிரி, பின்னால் ஈஸ்ட் ஆறு. பக்கத்து ஊர்ப் படகோட்டிகளும் கைகொடுக்க, மார்பிள்ஹெட்காரர்கள் சுமார் 9,000 பேரை ஒரே இரவில் சத்தமில்லாமல் அக்கரை சேர்த்தார்கள். விடிந்தபின் மிச்சமிருந்தவர்களை மூடுபனி மறைத்தது. அன்று அந்தப் படை சிக்கியிருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம்தான் நீ அனுப்பிய ஓவியத்தின் இரவு, டிசம்பர் 25. பனிப்புயல், ஆறு முழுக்க மிதக்கும் பனிக்கட்டி. 2,400 வீரர்கள், குதிரைகள், 18 பீரங்கிகள். சரக்கு ஏற்றும் பெரிய படகுகளைக் கழி ஊன்றித் தள்ளினார்கள். அதே இரவில் வேறு இரண்டு இடங்களில் கடக்க முயன்ற படைகளால் திட்டமிட்டபடி முடியவில்லை. குளோவரின் ஆட்கள் இருந்த இடத்தில் நேரம்தான் தாமதமானது, பீரங்கி ஒன்றுகூட மூழ்கவில்லை. காலையில் அக்கரைப் பக்கம் டிரென்டன் ஊரில் சண்டை போட்டு, பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட சுமார் 900 ஜெர்மானியக் கூலிப்படையினரைச் சிறைபிடித்து, அவர்களையும் ஏற்றிக்கொண்டு அதே ஆற்றைத் திரும்பக் கடந்தார்கள்.

சில நாட்களில், ஆண்டு முடிவோடு அவர்களின் ஒப்பந்தமும் முடிந்தது. பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. வீட்டில் பசி, மீன்பிடிக்கத் தடை. பலர் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் போர்க்கப்பல்களில் ஏறினார்கள். அதுவும் அதே போர்தான். கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. போர் முடிந்தபோது மார்பிள்ஹெட்டில் கணவனை இழந்த பெண்கள் ஏராளம்.

அன்புடன்,
அண்ணன்