உதிரிபாகத்தோடு அதன் கணக்கும் வரட்டும்: விமானப்படை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நாக்பூரில் உள்ள இந்திய விமானப்படைப் பராமரிப்புத் தலைமையகத்தின் அதிகாரிகளுக்கு வணக்கம்.

விமானங்களுக்குச் சிறு உதிரிபாகங்கள் கடைந்து தரும் ஓசூர்ப் பட்டறை ஒன்றில் ஸ்டோரும் தரச்சான்றுக் காகிதங்களும் என் பொறுப்பு. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் எங்கள் ஊரும் ஒன்று. இங்கே செய்யும் பொருள் விமானத்தில் ஏறும் முன் பல வருடம் ஏதாவது ஒரு கிடங்கில் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு பார்ட் நம்பரில், அதாவது ஒரே வகைப் பாகத்துக்கான எண்ணில், எத்தனை இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். ஆனால் விமானத்தில் பொருத்துகிறவருக்குத் தேவை எண்ணிக்கை இல்லை, கையில் இருக்கும் அந்த ஒன்றின் வரலாறு. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் ரப்பர் ஓ ரிங்கைச் சரியான உறையில் வைத்தால் பொதுவாக 15 வருடம் இருப்பில் வைக்கலாம். ரப்பர் பதப்பட்ட காலாண்டும் வருடமும் உறைமேல்தான் இருக்கும். உறையைக் கிழித்து, மீதியை வேறொரு டப்பாவில் போட்டால் முடிந்தது! புதியதும் காலாவதியானதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பழைய விமானத்திலிருந்து கழற்றிய பாகம் இன்னும் சிக்கலானது. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹால் ஆனது என்ற காகிதம் தொலைந்துவிட்டால், நல்ல பாகமும் இரும்புக் கழிவுதான். ஓய்வுபெற்ற விமானங்களின் பாகங்களை நம்பி ஜாகுவார் போர்விமானத்தைப் பறக்கவைக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பணம் இருந்தால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானத்தின் உதிரிபாகங்களில் 2018க்குப் பிறகு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவை தொலைந்ததாக அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2023இல் சொன்னது. மதிப்பு எட்டரைக் கோடி டாலருக்கும் மேல். உலகெங்கும் பரவிக் கிடந்த அந்தச் சரக்குக்கு அரசிடம் சொந்தக் கணக்கு இல்லை, ஒப்பந்த நிறுவனங்களின் பதிவையே நம்பியிருந்தார்கள். அதே நாடுதான் 2004 முதல், குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ராணுவப் பொருள் ஒவ்வொன்றின்மீதும் தனி அடையாளக் குறியீடு பொறிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதத் தொடங்கியது. அந்த நடைமுறை நமக்கும் வேண்டும்.

குறியீட்டைக் கிடங்கில் வந்து ஒட்டுவதைவிடப் பட்டறையிலேயே பொறிப்பது நல்லது. பொருள் பிறக்கும் இடத்தில்தான் உலோகம் எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரும் ஆய்வறிக்கையும் சந்தேகமில்லாமல் கையில் இருக்கின்றன. கார், பைக் நிறுவனங்களுக்குச் சப்ளை செய்யும் ஓசூர்ப் பட்டறைகளுக்கு லேசர் மார்க்கிங் புதிதல்ல. சரி, எல்லாப் பாகத்திலும் பொறிக்க முடியாது. அதிக அழுத்தம் தாங்கும் பரப்பில் சிறு கீறலும் விரிசலுக்கு வழி வைக்கும். அப்படிப்பட்ட பாகத்தில் எங்கே பொறிக்கலாம், எங்கே டேக் கட்டவேண்டும் என்பதை வரைபடமே சொல்லவேண்டும், அதை எங்களிடம் விடக்கூடாது.

அப்புறம், கிடங்கில் முதலில் வந்ததை முதலில் கொடுக்கும் வழக்கம் ரப்பருக்கும் பசைக்கும் பொருந்தாது. முதலில் காலாவதியாகப் போவதே முதலில் வெளியே போகவேண்டும். குறியீட்டை ஸ்கேன் செய்தால் கணினியே அந்த வரிசையைத் தரும்.

பட்டறையிலேயே குறியீடு பொறிக்கவேண்டும் என்று அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு நிபந்தனை சேருங்கள். பொறிக்கும் செலவையும் விலையில் தனி வரியாகக் காட்ட அனுமதியுங்கள். இல்லையென்றால் குறைந்த விலை போட்டியில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு ஸ்டோர் பொறுப்பாளர்