சுலோசன முதலியார் பாலம்: நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

கொக்கிரகுளத்தில் தாமிரபரணிமேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டதால் பழையதன்மேல் இருந்த கவனம் குறைந்துவிடுமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பாலம் வருவதற்கு முன் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே படகுதான் போக்குவரத்து. படகில் இடம் பிடிக்கத் துறையில் அடிதடி நடக்கும், சில நேரம் உயிரே போகும் என்பார்கள். கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட முடிவெடுத்தார், பொறியாளர் ஹார்ஸ்லி வரைபடம் போட்டார். செலவு ஏறக்குறைய 50,000 ரூபாய். ஊரில் வசூல் செய்யலாம் என்று பேச்சு நடந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார், முழுப் பணத்தையும் நானே தருகிறேன் என்று முன்வந்தார். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்பது நெல்லைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1843 நவம்பரில் 11 வளைவுகளோடு பாலம் திறக்கப்பட்டது. ஒரு அரசு ஊழியர் தன் சொத்தை எடுத்து ஊருக்குப் பாலம் கட்டிக்கொடுத்தார். எத்தனை முறை கேட்டாலும் மனம் நெகிழ்கிற விஷயம் இது.

அப்புறம் 1869 வெள்ளம் அதில் ஒரு பகுதியை இடித்துப்போட்டது, திரும்பக் கட்டினார்கள். 1967-இல் அகலப்படுத்தினார்கள். 2023 டிசம்பரில் ஆறு கரைபுரண்டு வந்தபோதும் பாலம் தாக்குப்பிடித்து நின்றது.

நின்றுவிட்டது, சரி. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா? திருச்சி கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் ஞாபகம் இருக்கும். பக்கத்தில் புதுப்பாலம் திறந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. மேலே பாரம் இல்லை என்பதற்காக, தூணின் அடியில் மண்ணை அரிக்கிற தண்ணீர் சும்மா இருந்துவிடாது. நம் பாலத்துக்கும் அடியில் ஓடுவது அதே மாதிரி ஆறுதானே?

வளைவுப் பாலத்துக்கு இன்னொரு எதிரி செடி. கல் இடுக்கில் காக்கை எச்சத்தோடு விழுகிற அரசம் விதை ஒரு மழைக்கு முளைத்துவிடும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்தால் வேலை முடிந்தது. மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேர் தடித்துக் கல்லை நெம்பிவிடும். இடுக்கைப் பூசும்போதும் கவனம் வேண்டும். இந்தப் பாலத்தின் பழைய பகுதி சிமெண்ட் நம் பக்கம் வராத காலத்தில் எழுந்தது. அங்கே சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பழைய கட்டுமானத்தை அரித்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கோடையில் ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் அத்தனை தூண்களின் அடியையும் ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும். என்ன கண்டீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். பாலத்தின் இரண்டு முனையிலும், கட்டிய கதையும் 1869 வெள்ளமும் 1967 வேலையும் சொல்லும் பலகை ஒன்றை வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இவற்றை முடித்துத் தந்தால் இந்த ஊர் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைவாசி ஒருவன்