தொரட்டிக் கம்பும் உன் அஞ்சாம் நம்பர் அயர்னும்

டேய் மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போடல, திட்டாத. இங்க வெயில் எப்படின்னு உனக்கே தெரியும், கோயமுத்தூர்ல போய் குளுகுளுன்னு உக்காந்துகினு மறந்துட்டியோ என்னவோ, காலைல ஒம்போது மணிக்கே சத்துவாச்சாரி மலைப்பாறை சூடேறி நம்ம மேல அனல் ஊதுது. இதுக்கு நடுவுல பெரியவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. சுகப்பிரசவம்தான், ஆனா வீட்ல யாரும் ராத்திரி தூங்கறதில்ல, தாத்தா ஆயிட்டேன்னு பெருமைப்படக்கூட நேரமில்ல. பாலாறு வழக்கம்போல மணல்தான். நம்ம கூட்டத்துல பாதி பேருக்கு முட்டி போச்சு, மீதி பேருக்கு சுகர்.

சரி, நீ கேட்ட கோல்ஃப் கிளப்பு விஷயம். ஷாஃப்ட்டு, அதான் அந்த குச்சி, எவ்ளோ விறைப்புன்னு காட்ற எழுத்து, தூரமா அடிக்கற டிரைவர்ல ஆர், அதாவது ரெகுலர்னு போட்டிருக்கு, இரும்புத்தலை அயர்ன்ல எஸ், அதாவது ஸ்டிஃப்னு போட்டிருக்கு, கிட்டக்க தூக்கி அடிக்கற வெட்ஜ்ல ஒண்ணும் சரியா தெரியல, அஞ்சாம் நம்பர் அயர்ன்ல மட்டும் எப்ப அடிச்சாலும் பால் லெஃப்ட்ல ஓடுது, அதனால எல்லாத்தையும் ஒரே எஸ்ஸா மாத்திடலாமான்னு கேட்டிருக்க. மாத்தாத. அவசரப்பட்டு காச கொண்டு போய் கொட்டாத. நான் கொட்டிட்டு அனுபவிச்சவன், அதனால சொல்றேன்.

நாலு வருஷம் முன்னாடி மெட்ராஸ்ல ஒரு கடையில போய் நின்னேன், அங்க இருந்த பையன் என் கையப் பாத்து "சார், உங்க பாடிக்கு ஸ்டிஃப்தான் கரெக்ட்"னான், எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அம்பத்தெட்டு வயசுல ஒருத்தன் நம்மள பலசாலின்னு சொல்றான்னா விடுவமா, மொத்த செட்டும் ஸ்டிஃப் ஸ்டீல் வாங்கிட்டேன். அப்பால ஒரு வருஷம் கிண்டி கிரவுண்டுல நான் அடிச்ச பால் எல்லாம் தாழப் போய் ரைட்ல விழுந்துச்சு, பதினாலாவது ஹோல் வந்தா தோள் கழண்டு வந்துடும். பை தூக்கற கேடி பையன் ஒண்ணும் சொல்லமாட்டான், ஆனா நான் டிரைவர எடுத்தாலே அவன் ரைட் சைடு மரத்தாண்ட போய் நின்னுக்குவான்.

அப்பால பெங்களூர்ல மெஷின் வெச்சு அளந்து பாத்தேன். நான் மனசுக்குள்ள என்னமோ டிரைவர மணிக்கு 95 மைல்ல வீசறேன்னு நெனச்சிகினு இருந்தேன், வந்தது 84. அவ்ளோதான். ஸ்டிஃப்புங்கறது பொதுவா 95-லேருந்து 105 வரைக்கும் வீசறவனுக்கு, 85-லேருந்து 95 வரைக்கும் ரெகுலர், அதுக்குக் கீழ சீனியர், அத சில பேர் ஏ-ன்னு போடுவான், சில பேர் எம்-னு போடுவான். நான் ரெண்டுக்கும் நடுவுல தொங்கறவன். ஆனா இந்த எழுத்துங்கள ரொம்ப நம்பாத, ஏன்னா எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுன்னு ஒண்ணு கிடையாது, ஒருத்தனோட ஆர் இன்னொருத்தனோட எஸ்ஸுக்கு சமமா இருக்கும். ரெடிமேட் கடையில ஒரு சட்டை 40 சரியா இருக்கும், பக்கத்துக் கடை 40 வயித்துல பட்டன் போட முடியாது, அந்த மாதிரிதான்.

அதனால டிரைவர்ல ஆர், அயர்ன்ல எஸ்னு இருக்கறதே தப்புன்னு நெனைக்காத. டிரைவர் ஷாஃப்ட் கிராஃபைட்டு, 50-60 கிராம் இருக்கும், உன் அயர்ன் ஸ்டீலு, 120 கிராமுக்கு மேலயே இருக்கும். ரெண்டும் வேற பொருள். ஆனா நம்ம வயசுல எழுத்த விட வெயிட்டத்தான் முதல்ல பாக்கணும்னு எனக்குத் தோணுது, நான் மாத்தும்போது ஆர் எஸ்னு பாக்கல, 95 கிராம் லைட் ஸ்டீல் போட்டேன், தோள் வலி அதோட நின்னுது.

இன்னொண்ணு, வேகம் மட்டும் பாத்தா போதாது. நீ ஊரிஸ் கிரவுண்டுல பௌலிங் போடுவியே, மெதுவா ஓடி வந்து கடைசி நிமிஷம் கைய வெடுக்குனு வீசுவ, அதே கைதான இப்பவும். மேலேருந்து கீழ இறக்கும்போது வெடுக்குனு இழுக்கறவனுக்கு அதே வேகத்துல கூட கொஞ்சம் விறைப்பான ஷாஃப்ட் தாங்கும். நான் ஊஞ்சல் ஆட்டற மாதிரி ஆட்டறவன், எனக்கு வேணாம். அதனால எனக்கு ஆனது உனக்கும் ஆகும்னு நான் சொல்லமாட்டேன்.

இப்ப ஒரே ஃப்ளெக்ஸு, அதாவது ஒரே விறைப்புன்னா இன்னான்னு பாரு. உங்க பாட்டி வீட்டு புளியமரம் ஞாபகம் இருக்கா, நாம தொரட்டி வெச்சிகினு புளியங்கா பறிச்சோமே. தொரட்டியோட அடியப் பிடிச்சு தூக்குனா நுனி தள்ளாடும், பாதில பிடிச்சா கல்லு மாதிரி நிக்கும். மூங்கில் ஒண்ணுதான், நீளம்தான் வேற. கிளப்பும் அதேதான், நம்பர் ஏற ஏற அரை அரை இஞ்ச் குறையும், குறையக் குறைய விறைப்பு ஏறும். தலையோட வெயிட்டும் அரை இஞ்சுக்கு ஏழு கிராம் கணக்குல ஏறிகினே போகும். ஆக ஒரு செட்டு ஒத்துப்போகுதுன்னா எல்லாம் ஒரே விறைப்புன்னு அர்த்தமில்ல, படிக்கட்டு மாதிரி சீரா ஏறுதுன்னு அர்த்தம். கைப்பிடிய இறுக்கிக் கட்டிட்டு நுனிய சுண்டி விட்டா நிமிஷத்துக்கு எத்தன தடவ ஆடுதுன்னு எண்ணுவாங்க, ஒரு அயர்னுக்கும் அடுத்த அயர்னுக்கும் சுமாரா நாலு அஞ்சு தடவ கூடணும்.

பாபி ஜோன்ஸ் பத்தி ஒரு கதை சொல்லுவாங்க, 1930-ல ஒரே வருஷத்துல நாலு பெரிய பட்டமும் அடிச்சானே, அவன்தான். அவன் காலத்துல ஹிக்கரி மரத்துல ஷாஃப்ட், பிரிட்டன்ல ஸ்டீலுக்கு 1929-லதான் அனுமதியே குடுத்தாங்க. அவன் ஒவ்வொரு குச்சியையும் கையால ஆட்டிப் பாத்து பொறுக்கி வெச்சானாம். ரொம்ப வருஷம் கழிச்சு அந்த செட்ட மெஷின்ல வெச்சு ஆட்டிப் பாத்தா எல்லாம் சீரா இருந்துச்சாம், ஒண்ணே ஒண்ணு தவிர, அந்த ஒண்ணுதான் தனக்கு சரியா வரலன்னு அவன் புலம்பிகினு இருந்தானாம். கதை எவ்ளோ உண்மையோ, ஆனா உன் லெட்டர படிச்சதும் எனக்கு இதான் ஞாபகம் வந்துச்சு.

ஏன்னா நீயே எழுதியிருக்க, போன வருஷம் அஞ்சாம் நம்பர் வேர்ல பட்டு உடைஞ்சு போய் ஷாஃப்ட் மாத்துனேன்னு. அங்கதான்டா விஷயம். பேரலல் டிப்புன்னு ஒரு வகை ஷாஃப்ட் உண்டு, எல்லா அயர்னுக்கும் ஒரே குச்சிதான், எந்த நம்பருக்குப் போடறமோ அதுக்கு ஏத்த மாதிரி முதல்ல தலைப்பக்கம் இத்தன இஞ்சுன்னு வெட்டணும், மிச்ச நீளத்த அப்பால கைப்பிடிப் பக்கம் வெட்டணும். தலைப்பக்கம்தான் மெலிசு, அத வெட்டுனா விறைப்பு ஏறும். மாத்துன ஆளு சோம்பேறித்தனமா எல்லாத்தையும் கைப்பிடிப் பக்கமே வெட்டியிருந்தா நீளம் சரியா இருக்கும், ஸ்டிக்கர்ல எஸ்ஸுன்னு இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள அது தொள தொளன்னு இருக்கும், உன் வெடுக்கு கைக்கு லெஃப்ட்ல ஓடாம என்ன பண்ணும்?

வீட்லயே பாத்துடலாம். பட்டறை வைஸ்ல ரெண்டு மரத்துண்டு வெச்சு, கிரிப்ப நசுக்காம, நாலு, அஞ்சு, ஆறுன்னு இந்த மூணு அயர்னையும் ஒண்ணொண்ணா ஒரே இடத்துல இறுக்கு. தலைய லேசா இழுத்து விடு, ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்து பத்து செகண்டுக்கு எத்தன ஆட்டம்னு எண்ணு. அம்பதுக்கு கிட்ட வரும், பக்கத்துப் பக்கத்து கிளப்புக்கு முக்கால் ஆட்டம்தான் வித்தியாசம், அது கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்ல. ஆனா அஞ்சு போய் நாலை விட மெதுவா ஆடுதுன்னா மாட்டுனான் திருடன். அந்த ஒரு ஷாஃப்ட மட்டும் மாத்து, பேக்ல இருக்கற பதினாலையும் இல்ல.

வெட்ஜ் பத்தி கவலையே படாத, அத எவன் முழு வீச்சுல அடிக்கறான், பாதி முக்கால்தான. அயர்ன் வெயிட்டுக்குப் பக்கத்துல இருந்தா போதும், கொஞ்சம் இளக்கமா இருந்தாலும் கைக்கு நல்லாதான் இருக்கும். டிரைவருக்கும் அயர்னுக்கும் நடுவுல வர்ற ஹைப்ரிட் மட்டும் அயர்ன விட ரொம்ப லைட்டா இருக்கான்னு பாத்துக்கோ. பால உருட்டி குழியில தள்ற புட்டருக்கு இதெல்லாம் ஒண்ணும் கிடையாது.

அடுத்த மாசம் பேத்திக்கு பேர் வெக்கறோம். நீயும் தங்கச்சியும் கண்டிப்பா வரணும், காட்பாடியில எறங்கிட்டு ஃபோன் போடு, நானே ஸ்கூட்டர்ல வரேன், அவங்களுக்கு ஆட்டோ. வரும்போது முழு பேக்கையும் தூக்கிகினு வராத, அந்த அஞ்சாம் நம்பரையும் நாலையும் ஆறையும் மட்டும் துணில சுத்தி எடுத்துனு வா, நம்ம ராணிப்பேட்டை ஷெட்ல பெரிய வைஸ் இருக்கு, ஆட்டிப் பாத்துடுவோம். போற வழியில ஆற்காட்டுல மக்கன் பேடா வாங்கித் தரேன், உனக்கு சுகர் இருக்குன்னு தங்கச்சிகிட்ட நான் சொல்லமாட்டேன், நீயும் என் 84-அ யார்கிட்டயும் சொல்லாத.

உன் பழைய கடைசி பெஞ்சு