களப்பில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் உறவுகளுக்கு வணக்கம்.

இந்த ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. படிவங்களையும் அனுப்பிவிட்டோம். “இதை எண்ணி என்ன செய்யப் போறீங்கள்?” என்று கேட்டுக்கொண்டேதான் உங்களில் பலர் உதவினீர்கள். நன்றியோடு பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றுப் பக்கம் சிலிம்பிரிட்ஜ் என்றோர் ஊர். ஓவியர் பீட்டர் ஸ்கொட் 1946இல் அங்கே நீர்ப்பறவைகளுக்கென ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். மாரியில் வந்திறங்கும் பெவிக் அன்னங்களின் அலகில் மஞ்சளும் கறுப்பும் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி இருக்கும். அதை வைத்தே 1964 முதல் ஒவ்வோர் அன்னத்தையும் வரைந்து, பெயரும் வைத்தார்கள். போன வருடத்து அன்னம் திரும்பி வந்ததா, சோடியோடு வந்ததா, குஞ்சு எத்தனை என்றெல்லாம் சொல்ல முடிந்தது. ஹவாயில் அருகிப்போன நேனே வாத்தைப் பெருக்கி, 1962இல் அந்தத் தீவுகளுக்கே திருப்பி அனுப்பியதும் இந்த நிலையம்தான். 1967இல் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கிய பணியகம் 1969 முதல் அங்கிருந்து இயங்கியது. ஆசியாவில் அந்தக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. தம்பலகாமக் குடாவில் நாம் எண்ணிய உள்ளானும் அந்தக் கணக்கில்தான் சேருகிறது. ஒரே இடத்தில் வருடா வருடம் எண்ணினால்தான் பறவை குறைவது தெரியவரும்.

சரி, நன்றிக்கு வருவோம்.

தோணிக்கார நானா, பறவைகள் எழும்பிவிடும் என்று தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியைக் கையால் தள்ளினீர்கள். அன்றைய தொழிலையும் விட்டு வந்தீர்கள், மண்ணெண்ணெய்க் காசும் வாங்கவில்லை. இதை நாங்கள் மறக்க மாட்டோம்.

கண்டல் ஓரத்து வீட்டு அம்மா, தொலைநோக்கியின் கால்கள் சேற்றில் புதைவதைப் பார்த்துக் கோழிக்கூட்டுக் கதவையே கழற்றி வந்து போட்டீர்கள். அதன் மேல் நிறுத்திய பிறகுதான் கருவி அசையாமல் நின்றது. இஞ்சி போட்ட பிளேன்டீக்கும் நன்றி.

பத்துப் பத்தாக எண்ணி, நூறு சேர்ந்ததும் ஒரு சிப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்ட மாணவிக்குத் தனி நன்றி. பாதியில் கூட்டம் கலைந்தபோதும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து எண்ணினாள். விடியுமுன்னே பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோரே, உங்கள் நம்பிக்கை இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை.

அடுத்த ஜனவரியிலும் இதே இடங்களில் எண்ண வேண்டும். அப்போதும் உங்களைத்தான் தேடி வருவோம்.

அன்புடன்,
பறவை எண்ணிய ஆசிரியரும் மாணவர்களும்,
திருகோணமலை